எண்பதுக்கு மேல் ஆடுவது வண்டியா, என் கையா?

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மாமனாரின் ஆசிகள். நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். வண்டி சௌக்கியமா என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் நாம் நால்வரும் நெடுஞ்சாலையில் போனபோது, வேகம் எண்பதைத் தாண்டியதும் ஸ்டீரிங் கிடுகிடுவென்று ஆடியது. வண்டியில் ஏதோ கோளாறு என்று நான் சொன்னேன். நீங்கள் என் கையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்கு மாமா, உங்க கைதான் நடுங்குது" என்றீர்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பின் சீட்டில் இருந்த தாயும் மகளும் வீடு வந்து சேர்வதற்குள் தீர்ப்பையே எழுதி முடித்துவிட்டார்கள். அப்பா இனிமேல் ஓட்ட வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

மாப்பிள்ளை, நான் பல் டாக்டர். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் ஊசியும் குறடும் விட்ட கை இது. கிளினிக்கை மூடிய பிறகு இந்தக் கைக்கு மிச்சமிருக்கும் ஒரே வேலை ஸ்டீரிங் பிடிப்பதுதான். அது நடுங்குகிறது என்றால் எனக்குச் சோறு இறங்குமா? இரண்டு நாள் இறங்கவில்லை. அப்புறம் கோபம் தணிந்து, உண்மையில் ஆடுவது எது என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்துவிட்டது. பல்வலி என்று வருகிறவர் மேல் பல்லைத் தொட்டுக் காட்டுவார், சொத்தை கீழ்ப்பல்லில் இருக்கும். வலி தெரிகிற இடத்தில்தான் வியாதி இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

முதலில் வேறொருவரை ஓட்டச் சொல்லிப் பார்ப்போம் என்று உங்கள் அத்தையின் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் நெடுஞ்சாலையில் நாற்பதில் போனான். ஒரு டிராக்டர் ஹாரன் அடித்து எங்களை முந்திக்கொண்டு போயிற்று. "கொஞ்சம் அழுத்துப்பா, எண்பதுலதான் ஆடும்" என்றேன். "நாப்பதுக்கு மேல போனா எனக்குக் காது அடைச்சுக்கும் அத்தான்" என்றான். போனதோடு விட்டானா? வீட்டுக்கு வந்து தன் அக்காவிடம், "வண்டி பட்டு மாதிரி போகுதுக்கா, ஒரு ஆட்டமும் இல்ல" என்று சாட்சியும் சொல்லிவிட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாயிற்று.

சரி, ஆட்டம் இருக்கட்டும், சத்தத்தைப் பார்ப்போம் என்று தொடங்கினேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் சத்தம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று கடகடவென்று, இன்னொன்று 'ங்ங்ங்' என்று தேனீ மாதிரி. டிக்கியில் இருந்ததையெல்லாம் வாசலில் எடுத்துப் போட்டேன். ஸ்டெப்னிக்கு அடியில் ஒரு தகர டப்பா, திறந்தால் உள்ளே பல் செட்டு! கிளினிக்கைக் காலி செய்தபோது போட்டு வைத்த, நோயாளிகளின் பல்லுக்கு எடுத்த மாவு அச்சுகள். மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கின்றன. "பின்னாடி யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி இருக்குன்னு எத்தனை தடவை சொன்னேன், காதுல வாங்கினீங்களா?" என்றாள் உங்கள் அத்தை. டப்பா பரணுக்குப் போயிற்று, கடகடவும் நின்றது. 'ங்ங்ங்' மட்டும் நிற்கவில்லை, ஆட்டமும் அப்படியே இருந்தது.

அடுத்து தெருமுனை மெக்கானிக். அவருக்கு இங்கே 'கழட்டி' என்று பெயர். விளக்கு எரியவில்லை என்று போனாலும் என்ஜினைக் கழற்றிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். முதலில் கிளட்ச் என்றார், அப்புறம் கியர் பாக்ஸ் என்றார், கடைசியில் பெருமூச்சு விட்டு, "வயசாயிடுச்சுல்ல சார்" என்றார். "வண்டிக்கா, எனக்கா?" என்று கேட்டேன். "பொதுவா சொன்னேன் சார்" என்றார். ஸ்பேனரைக் கீழே வைக்கச் சொல்லி, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நெடுஞ்சாலைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். காலியான நேர்ச்சாலையில் தொண்ணூறில் போகும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். என்ஜின் சத்தம் அடங்கியது, ஆட்டம் அடங்கவில்லை. ஆக என்ஜின் நிரபராதி. பிரேக்கை மெல்ல அழுத்தினேன், ஆட்டம் கூடவில்லை. ஆக பிரேக்கும் நிரபராதி. பாக்கி இருப்பது சக்கரம், இல்லாவிட்டால் என் கை. இந்த இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒரு நாள் பூராவும் இதே யோசனைதான், உங்கள் அத்தை கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. மறுநாள் பல் துலக்கும்போது பளிச்சென்று தோன்றியது. முன் சக்கரம் இரண்டையும் பின்னால் மாட்டு, பின் சக்கரத்தை முன்னால் மாட்டு! குற்றம் என் கையில் இருந்தால் ஸ்டீரிங் மறுபடி ஆட வேண்டும். குற்றம் சக்கரத்தில் இருந்தால் ஆட்டமும் அதோடு சேர்ந்து பின்னால் போக வேண்டும்.

சக்கரத்தை மாற்றியாயிற்று. உங்கள் அத்தையைப் பின் சீட்டில் உட்காரவைத்து, கையில் முக்கால் டம்ளர் தண்ணீரைக் கொடுத்தேன். "இது எதுக்குங்க? எனக்குத் தாகமில்லையே" என்றாள். "குடிக்காதே, பார்த்துக்கிட்டே வா" என்றேன். கழட்டி முன்னால் சாட்சியாக உட்கார்ந்தார். அறுபது, எழுபது, ஒன்றுமில்லை. எண்பதைத் தாண்டியதும் மாப்பிள்ளை, என் கையில் ஸ்டீரிங் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. பின்னாலிருந்து, "என்னங்க! சீட்டு தூக்கித் தூக்கிப் போடுதுங்க!" என்று ஒரே அலறல். தண்ணீரில் பாதி புடவையில். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, "என் கை இங்கே இருக்கு, நடுக்கம் அங்கே இருக்கு. என் கை எவ்வளவு நீளம்னு நினைக்கிறே?" என்று கேட்டேன். அவள் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள். கழட்டி கைதட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உங்களிடம் சொல்வதில் வெட்கம் என்ன?

சக்கரங்களை இறக்கி இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றிப் பார்த்தோம். ஒன்றில், எடை சரிசெய்ய ஒட்டும் ஈயத் துண்டுகள் எங்கேயோ விழுந்துவிட்டிருக்கின்றன. ரிம்முக்குள்ளே சேறு வேறு காய்ந்து இறுகிக் கிடந்தது. கழட்டி சுத்தியலைத் தூக்கினார். நான் விடவில்லை, பல்லில் காரை சுரண்டுகிற பக்குவத்தில் நானே சுரண்டி எடுத்தேன். புதிதாக ஈயம் ஒட்டி, சக்கரங்களைப் பழைய இடத்திலேயே மாட்டியதும் ஆட்டமும் இல்லை, 'ங்ங்ங்'கும் இல்லை. நேற்று உங்கள் அத்தையோடு ஒரு நடை போய்வந்தேன், வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வண்டிக்காக அலைய வேண்டாம். அப்பாவின் கையில் ஒரு குறையும் இல்லை என்று உங்கள் வாயாலேயே என் மகளிடம் சொல்லிவிட்டால் போதும். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், வாக்குவாதம் குறைந்து, பல்லாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அசையாத கையால் எழுதும்
உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட இன்று வண்டியை எடுத்தேன். எண்பதில் பழையபடி கிடுகிடு! நேரே கழட்டியிடம் போனேன். அவர் தலையைச் சொறிந்தார். "மத்தியானம் நீங்க தூங்கினப்போ அம்மா கூப்பிட்டு அனுப்பினாங்க சார். அந்த ஈயத்தை எடுத்துடச் சொன்னாங்க. நான் மாட்டேன்னுதான் சொன்னேன், அம்மா விடலை." வீட்டுக்கு வந்து, நியாயமா என்று கேட்டேன். உங்கள் அத்தை அடுப்பைவிட்டுத் திரும்பக்கூட இல்லை. "உங்க கையை நான் எப்பவாவது குறை சொன்னேனா? ஆட்டம் இருந்த வரைக்கும் எண்பதுல நின்னீங்க. ஆட்டம் போனதும் நேத்து நூத்தியிருபது. முள்ளை நீங்க பார்க்கலை, நான் பார்த்தேன். எனக்குப் பயம் உங்க காலைப் பார்த்துத்தாங்க" என்று சொல்லி, என் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எனவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவும். சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் தட்ட மாட்டாள். கை நடுங்கவில்லை என்று நிரூபிக்க எனக்கு ஒரு வழி கிடைத்தது. காலுக்கு என்ன சோதனை செய்வது என்றுதான் தெரியவில்லை, நான் படித்ததெல்லாம் பல்லுக்கு.