ஜீப்பைத் தொடத் தகுதியான கை

நாகரிகம் எங்கே பிறந்தது என்று அறிஞர்கள் இனியும் அடித்துக்கொள்ளத் தேவையில்லை. அது போன மாதம் கற்பிட்டி வீதியில், ஜபார் ஹாஜியாருடைய புதிய ஜீப்பின் பின்சீட்டில் பிறந்தது.

சீட்டுகள் அசல் தோல். பாலாவிப் பக்கம் பெரிய உப்பளம் வைத்திருக்கும் ஹாஜியார், ஜீப்பை எடுத்த அன்றே கொழும்பு விற்பனையாளர் சொன்ன ஒரு செய்தியால் ஆடிப்போனார். உப்புப் பட்டால் தோல் வெடிக்குமாம். வாப்பா காலத்திலிருந்து உப்பில் பிழைக்கும் மனிதருக்கு இந்த விஞ்ஞானம் அதுவரை எட்டவேயில்லை.

உப்பு வாரும் றோசலின் இரண்டு பருவமாகக் கையுறை கேட்டு வந்தது உண்மைதான். ஆனால் அது வெறும் மனிதத் தோல் சம்பந்தப்பட்ட விண்ணப்பம். கையுறை போட்டால் உப்பின் 'பதம்' கைக்குத் தெரியாது என்று ஹாஜியார் அவளுக்குப் பரிவோடு விளக்கியிருந்தார்.

இன்று சோதனை நாள். மகள் நுஸ்ராவின் கலியாணத்தைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் அஸர் தொழுகைக்குப் பிறகு வருகிறார்கள். முதலில் உப்பளத்தைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து ஜீப்பில்தான் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. சம்பந்தி உட்காரும்போது சீட் பளபளக்காவிட்டால் குடும்ப மானம் என்னாவது?

உப்பளத்திலேயே வைத்துச் சீட்டை நுரை போட்டுக் கழுவியாயிற்று. இனிக் கிரீம் பூச வேண்டும். ட்ரைவர் ரிஃபாஸ் போத்தலில் எழுதியிருந்ததைக் குத்பா ஓதும் குரலில் வாசித்தான். துணி கூடாது, உள்ளங்கைச் சூட்டில்தான் கிரீம் இறங்கும், கை மிருதுவாக இருக்க வேண்டும், சொரசொரத்தால் கீறல் விழும். வாசித்து முடித்ததும் ரிஃபாஸ் தன் காய்த்த கைகளை இடுப்புச் சாரத்துக்குள் ஒளித்துக்கொண்டான். மனைவி உம்மு குல்சூமுக்குப் போன் போனது. விருந்து வட்டிலப்பத்துக்குத் தேங்காய் துருவுகிற கை சீட்டுக்கு வராது என்று பதில் வந்தது.

உடனே வரம்பின் மேல் 'அவசரப் பொதுக்கூட்டம்' கூட்டப்பட்டது. தொழிலாளர் எல்லோரும் கொளுத்தும் வெயிலில் உள்ளங்கையை நீட்டி வரிசையில் நின்றார்கள். ஹாஜியார் தன் முகம் துடைக்கும் பட்டு லேஞ்சியை எடுத்து ஒவ்வொரு கையின் மேலும் மெல்ல இழுத்தார். நூல் மாட்டினால் தகுதியில்லை. இவ்வளவு நேர்மையான நேர்முகப் பரீட்சை இந்த மாவட்டத்தில் நடந்ததேயில்லை. சிபாரிசுக் கடிதம் கேட்கவில்லை, யாருடைய ஆள் என்று விசாரிக்கவில்லை.

முதல் கையில் நூல் மாட்டியது. அடுத்த கையில் இரண்டு நூல். செபஸ்தியாம்பிள்ளையின் கையில் லேஞ்சியே கிழிந்தது. அவர் அதற்காக மன்னிப்பும் கேட்டார். கடைசியில் றோசலின். அவள் பெருவிரலடி வெடிப்பில் மாட்டிய பட்டுத் துணியை ரிஃபாஸ்தான் பக்குவமாகக் கழற்றிவிட வேண்டியிருந்தது.

ஹாஜியாருக்கு உண்மையாகவே நெஞ்சு கனத்தது. தூரத்தில் மாப்பிள்ளை வீட்டு வேன் புழுதி கிளப்பிக்கொண்டு வருவது வேறு தெரிந்தது.

"இவ்வளவு பேருல ஒரு நல்ல கை இல்லையே," என்றார். "நீங்கெல்லாம் ஒங்கட கையக் கவனிக்கிறதே இல்லையா?"

றோசலின் அவருடைய கையிலிருந்து லேஞ்சியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"ஹாஜியார், உங்கட கையை ஒருக்காக் காட்டுங்கோ."

அவசரத்தில் இருந்த மனிதர் யோசிக்காமல் நீட்டிவிட்டார். பட்டு அந்த உள்ளங்கையில் ஓரிடத்திலும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய் உப்பில் விழுந்தது. வரிசை முழுவதும் எட்டிப் பார்த்தது. ரிஃபாஸ் மிகுந்த மரியாதையோடு போத்தலின் மூடியைத் திறந்து ஹாஜியாரிடம் நீட்டினான். வேன் உப்பளத்தின் படலை வாசலில் வந்து நின்றது.

"பூசுங்கோ ஹாஜியார்," என்றாள் றோசலின். "இந்த உப்பளத்தில உப்பே படாத கை இது ஒண்டுதான்."