அண்டாவின் மீது தலைவருக்குள்ள அதிகாரம்

உலகத்துக்கு மலாக்கா அளித்த கொடைகளில் முதலாவது துறைமுகம். இரண்டாவது, ஒரு தலைவருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கலாம் என்ற கேள்விக்குக் காஜா பேராங் தமிழர் நல்வாழ்வுச் சங்கம் கண்ட இறுதி விடை. துறைமுகம் தூர்ந்துவிட்டது. விடை இன்னும் உயிரோடு இருக்கிறது; அந்தத் தலைவர் அடியேன்தான்.

1957. சுதந்திரத்துக்குச் சில மாதங்களே பாக்கி. நாட்டின் அரசியல் சட்டத்தை நிபுணர்கள் ரோமாபுரியில் உட்கார்ந்து எழுதியதாகப் பத்திரிகையில் படித்தோம். எங்கள் சட்டத்தை அப்துல் சமதின் சாப்பாட்டுக் கடைப் பின்கட்டில் எழுதினோம். ரோமாபுரிக் காப்பி எப்படியோ, சமது பாயின் காப்பி கெட்டியாக இருந்தது.

சங்கத்தின் சொத்து ஒன்றே ஒன்று: கல்யாணச் சோறு வடிக்கும் பெரிய பித்தளை அண்டா. கடைக்குப் பின்னால் பலகைக் கொட்டகையில் பூட்டி வைத்திருந்தோம்.

வக்கீல் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சேதுராமன்தான் 'எதிர்க்கட்சி'.

"தலைவர்னா இங்கிலாந்து ராணி மாதிரி இருக்கணும்ண்ணே. கையெழுத்துப் போடணும், சிரிக்கணும், அவ்வளவுதான். சாவி கமிட்டிகிட்ட இருக்கட்டும்."

"ராணிகிட்ட அண்டா இருக்கா?" என்று கேட்டேன்.

சாவி என் இடுப்புக்கு வந்தது. வேறு எவரும் பூட்டைத் தொடலாகாது என்று அடுத்த பிரிவு எழுதினோம். துணைத் தலைவர் பதவி வேண்டுமா என்று விவாதம் எழுந்தது. தலைவர் சாவதற்காகக் காத்திருக்க ஓர் ஆளைச் சங்கமே நியமிப்பது நாகரிகமா என்றேன். பதவி ஒழிந்தது. அப்போது கம்யூனிஸ்டுகளை அடக்க நாட்டில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. சங்கத்துக்கு அப்படி ஒன்று இல்லாதது கௌரவக் குறைவு. ஆகவே காரணம் சொல்லாமல் மறுக்கும் 'அவசர அதிகாரமும்' எனக்கே தந்தார்கள்.

"ஒரு கட்டுப்பாடாவது போடுங்கண்ணே, பாக்கிறவன் சிரிப்பான்" என்று சேதுராமன் கெஞ்சினான்.

பெரிய மனது பண்ணினேன். தலைவரின் குடும்பக் காரியத்தில் தலைவர் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தவே கூடாது என்று நானே சொல்லி எழுதவைத்தேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பாய் எல்லாருக்கும் இன்னொரு காப்பி ஊற்றினார்.

என் ஆட்சி பொற்காலம். பொன்னம்மா மூத்த மகள் கல்யாணத்துக்கு அண்டா கேட்டு வந்தாள். "பரிசீலனையில் உள்ளது" என்றேன். கும்பிட்டுப் போய்விட்டாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எல்லாரும் அப்படியே வந்தார்கள், அப்படியே கும்பிட்டார்கள், போனார்கள். எந்தக் கல்யாணத்திலும் சோறு குறைந்ததாகப் புகார் இல்லை. முதல் பந்தியில் உட்கார்ந்து நானே சரிபார்த்திருக்கிறேன். நல்ல நிர்வாகம் என்றால் அப்படித்தான்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. என் மகள் கோகிலாவுக்கு வரன் வந்தது.

"அண்டாவ எடுத்துட்டு வாங்க" என்றாள் என் மனைவி சிவகாமசுந்தரி.

"முடியாது. குடும்பக் காரியம். சட்டம் தடுக்கிறது."

"சட்டத்த எழுதுனது யாரு?"

"நான்தான்."

"அப்ப அழிங்க."

"அழிக்கத் தலைவர்தான் கூட்டம் கூட்டணும். குடும்பக் காரியத்துக்குத் தலைவர் கூட்டம் கூட்டினால்..."

"நல்லா இருக்கு! மாப்பிள்ளை வீட்டாளுங்க குருபோங்கிலேருந்து லாரி லாரியா வர்றாங்க. சோத்துல குறை வந்தா மாப்பிள்ளையோட மாமன் பந்தல்லயே எந்திரிச்சு, சம்பந்தமே வேணாம்னுடுவாரு. அவங்களுக்குச் சட்டத்தையா வடிச்சுக் கொட்டுவீங்க?"

கோகிலா என் இடுப்புச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தலைவரை அப்படிப் பார்ப்பது மரபல்ல.

சேதுராமனிடம் ஓடினேன். அவன் சட்டத்தை நிதானமாகப் படித்தான். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவன் எதையும் படித்ததில்லை.

"நீங்க தொறக்க முடியாது. வேற யாரும் தொடவும் முடியாது. துணைத் தலைவரும் இல்ல. ரொம்ப சூசாண்ணே, பெரிய சிக்கல்தான்! ஆனா, என்ன அழகா எழுதியிருக்கீங்க!"

கல்யாண நாள். மாப்பிள்ளையின் மாமனுக்குக் கேட்காத தூரத்தில் நின்றபடி, தியாகம் பற்றி ஓர் உரை தயார் செய்துகொண்டிருந்தேன். பந்தலுக்குப் பின்னாலிருந்து சோறு மணத்தது. போய்ப் பார்த்தேன். அடுப்பின் மேல் கொதித்துக்கொண்டிருந்தது, சங்கத்தின் பெயர் வெட்டிய எங்கள் அண்டா. இடுப்பைத் தடவினேன். சாவி இருந்தது.

"இது எப்படி வந்தது?"

"கொட்டகைக்குப் பின்பக்கம் ரெண்டு பலக ஆணியே இல்லாம நிக்குது" என்றாள் சிவகாமசுந்தரி, கிளறுவதை நிறுத்தாமல். "ஊரே அந்த வழியாத்தான் எடுக்குதாம். தலைவர் பொண்டாட்டின்னு எங்கிட்ட மட்டும் சொல்லல. நேத்து பொன்னம்மாதான் பாவம் பார்த்துச் சொன்னா."

அப்துல் சமதைத் திரும்பிப் பார்த்தேன். பாய் பணிவாகக் கைகட்டினார்.

"பூட்ட ஒருத்தரும் தொடல தலைவரே. எல்லாம் சட்டப்படிதான் நடக்குது."

மாமன் மூன்று முறை சோறு வாங்கினார். கோகிலா கழுத்தில் தாலி ஏறியது. நானும் சாப்பிட்டேன். ருசியில் குற்றமில்லை.

மறுவாரமே கமிட்டியைக் கூட்டினேன்.

"எடுக்கிறாங்க, தேய்ச்சுக் கழுவித் திரும்ப வைக்கிறாங்க. ஒரு சண்டை கிடையாது. இதுல என்ன குத்தம் தலைவரே?" என்று பாய் கேட்டார்.

"அதுதான் ஆபத்து" என்றேன்.

சேதுராமன்கூட மறுக்கவில்லை. தலைவரின் அதிகாரம் பற்றி அவன் ஆயிரம் பேசுவான். தலைவரே தேவையில்லை என்று ஆகிவிட்டால் எதைப் பற்றிப் பேசுவான்? பின்பக்கப் பலகைகளுக்கு ஆணி அடிக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நல்ல நீளமான ஆணிகளாகப் பார்த்து நானே வாங்கினேன். நானே அடித்தேன்.

அடுத்த மாதம் பொன்னம்மாவின் இளைய மகளுக்குக் கல்யாணம். அண்டா கேட்டு வந்தாள். "பரிசீலனையில் உள்ளது" என்றேன். இந்த முறை அவள் கும்பிடவில்லை.

கல்யாணத்தில் இரண்டாம் பந்திக்கே சோறு இல்லை. தங்களுக்கு ஒரு தலைவர் உண்டு, அவருக்கு அதிகாரமும் உண்டு என்பதைக் காஜா பேராங் மக்கள் அன்றுதான் முதன்முதலாக உணர்ந்தார்கள்.