ஆறுக்கு நாலு அளவில் என் மரணம்

தான் செத்துப்போன செய்தியைத் தானே நடுரோட்டில் நின்று படிக்கிற வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்காது. எனக்குக் கிடைத்தது. நல்ல அனுபவமா என்று கேட்காதீர்கள். கேட்டால் திட்டுவேன்.

நான் மட்டாஞ்சேரிக்காரி. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அண்ணன் மாரியப்பனுக்குக் காய்கறிக் கடை. நான் ஒரு பேண்டில் பாடகி. தோப்பும்படி துறைமுகத்தில் மீன்கூடைகளுக்கு நடுவே நின்று அயிலை மீனைப் பற்றி நானே எழுதிப் பாடிய பாட்டு ஒன்று எல்லார் கைபேசியிலும் ஓடியது. கல்யாண வீட்டில் போட்டார்கள், பஸ்ஸில் போட்டார்கள், மீன் வண்டிக்காரர்கள் ஹாரனுக்குப் பதிலாகப் போட்டார்கள். அன்றிலிருந்து ஊரில் என் பெயர் அயிலைச் செல்வி. (நாறுகிற பெயர்தான். ஆனால் எனக்குத் தலை கால் புரியவில்லை.)

அந்த நேரத்தில்தான் சினிமாவில் கூப்பிட்டார்கள்.

டைரக்டர் சின்னப் பையன். குடுமி வைத்திருந்தான். பக்கத்தில் ஜித்து என்று ஒரு உதவி டைரக்டர். டைரக்டர் என்னைப் பார்த்து, "சேச்சி, படம் முழுக்க உங்க கேரக்டரைச் சுத்தித்தான் போகும்" என்றான். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. படம் முழுக்க! முதல் படத்திலேயே!

ஜித்து ஒரு ஃபைலைத் திறந்து, "சேச்சி, கதையை ஒரு தடவை முழுசா..." என்று ஆரம்பித்தான்.

"கதை எனக்கெதுக்கு? என் சீனைச் சொல்லு."

"இல்ல சேச்சி, நீங்க கண்டிப்பா கேக்கணும், ஏன்னா உங்க கேரக்டர்..."

"பாடறவளுக்குத் தாளம் தெரிஞ்சா போதும். உங்க தலைவலியெல்லாம் எனக்கு வேண்டாம். கேரக்டர் பேரு என்ன?"

"ஸ்டெல்லா."

"என் மூஞ்சியைப் பாத்தா ஸ்டெல்லா மாதிரியா இருக்கு? செல்வின்னு வை. முகம் என்னுதுன்னா பேரும் என்னுதாத்தான் இருக்கணும். இல்லாட்டி நான் நடிக்கல."

ஜித்து டைரக்டரைப் பார்த்தான். டைரக்டர் கொஞ்சம் யோசித்து, "நல்லாத்தான் இருக்கும். நிஜமா இருக்கும்" என்றான். ஜித்து மறுபடி வாயைத் திறந்தான். நான் முறைத்தேன். மூடிக்கொண்டான். ஒரு மனுஷன் உண்மையைச் சொல்ல வந்து இத்தனை தடவை வாயை மூடியதை நான் பார்த்ததே இல்லை.

பிறகு படகுத் துறையில் வைத்து ஒரு போட்டோ எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். நான் போட்டோவில் சிரிக்கிறவள் இல்லை. என் ஆதார் அட்டையைப் பார்த்தால் கொலைக் கேசில் பிடித்து வைத்தது போல இருக்கும். எனக்கு இடம் விடுகிறேன் என்று ஜித்து பின்னால் நகர்ந்து நகர்ந்து காயலுக்குள் விழுந்தான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அதை எடுத்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "பாட்டு பாடற, சரி. சினிமா எதுக்குடி?" என்றாள். முந்தின வருஷம்தான் அவளுக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதிர்ச்சி தருகிற எதையும் அவள் காதுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்கு நாங்கள் செய்திருந்த ஒரே ஏற்பாடு, உளுந்து விலை ஏறினால் அவளிடம் சொல்வதில்லை என்பதுதான்.

ஷூட்டிங் அன்று காலையில் எங்களை ஒரு பழைய மிளகுக் கிடங்குக்குக் கூட்டிப்போனார்கள். ஹீரோவின் புது கெட்டப் வெளியே போய்விடக்கூடாது என்று எல்லார் போனையும் வாங்கி ஒரு பையில் போட்டார்கள். நான் கிடங்கு ஜன்னலில் உட்கார்ந்து பாடினேன். பாடிவிட்டுத் திரும்பிச் சிரித்தேன். திரும்பத் திரும்பச் சிரித்தேன். கன்னம் வலித்தது. வாழ்க்கை முழுக்க சேர்த்து வைத்த சிரிப்பை ஒரே நாளில் செலவழித்தேன். சாயங்காலம் போனைக் கையில் கொடுத்தார்கள். சார்ஜ் இல்லாமல் செத்திருந்தது. கம்பெனி வண்டி விளக்குச் சாமான்களை ஏற்றப் போகணும் என்று என்னைத் தோப்பும்படியில் இறக்கிவிட்டது. அங்கே ஒரு ஆட்டோவில் ஏறினேன்.

ஆட்டோ சேட்டன் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். சரி, ரசிகர் என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்தேன்.

"மோளே, அந்த அயிலைப் பாட்டு பாடின பொண்ணுக்கு நீ என்ன வேணும்? தங்கச்சியா?"

"ஏன் சேட்டா?"

"அதே மூக்கு. பாவம், நல்ல பொண்ணு. சின்ன வயசு. அட்டாக்காம். மத்தியானம் போயிடுச்சு."

"எங்க போயிடுச்சு?"

"எங்க போகும்? மேலதான்." விரலால் ஆட்டோவின் கூரையைக் காட்டினார்.

எனக்குப் புரியவில்லை. அதற்குள் வண்டி எங்கள் தெருமுனைக்கு வந்துவிட்டது. மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். ஃப்ளெக்ஸ்.

எங்கள் ஊர் வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஒருவர் செத்தால் உடல் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் தெருமுனைக்கு ஃப்ளெக்ஸ் வந்துவிடும். பெரிய போட்டோ, கீழே மலையாளத்தில் 'ஆதராஞ்சலிகள்'. தமிழ்நாட்டில் கண்ணீர் அஞ்சலி என்று போடுவார்களே, அதேதான். இங்கே யாரும் டாக்டர் சர்டிஃபிகேட்டைப் பார்ப்பதில்லை. ஃப்ளெக்ஸ் வந்தால் ஆள் போயாச்சு.

என் ஃப்ளெக்ஸில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஜித்து காயலில் விழுந்த சிரிப்பு. பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி. கீழே 'செல்வி', அதற்குக் கீழே 'ஆதராஞ்சலிகள்', கடைசியில் 'ஊர்க்காரர்கள்'.

படம் முழுக்க என் கேரக்டரைச் சுற்றித்தான் போகும் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த நிமிஷம்தான் புரிந்தது. முதல் சீனிலேயே என்னைக் கொன்றுவிடுகிறார்கள். மீதிப் படம் முழுக்க எவன் கொன்றான் என்று தேடுகிறார்கள். மறுநாள் காலை எங்கள் தெருவில் ஷூட்டிங் என்று கிடங்கில் பேசிக்கொண்டது காதில் விழுந்திருந்தது. அதற்காக முந்தின நாளே ஃப்ளெக்ஸைக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள், மடையன்கள்.

அடுத்த நொடி அம்மா நினைவு வந்தது. கறிவேப்பிலை வாங்க அவள் தினமும் இந்த முனைக்குத்தான் வருவாள். அந்த நெஞ்சு. அந்த ஸ்டென்ட்.

"சேட்டா, சீக்கிரம் போங்க, அது நான்தான்!" என்று கத்தினேன்.

"யாரு?"

"செத்தது!"

ஆட்டோ சேட்டன் வண்டியை நிறுத்தினார். சாவியை எடுக்கவில்லை, என்னையும் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கி நடந்தார். பிறகு ஓடினார். நானும் இறங்கி, முதல் வேலையாக ஃப்ளெக்ஸைப் பிடித்து இழுத்தேன். கம்பியோடு கழன்று என் தலைமேலேயே விழுந்தது. அதற்குள்ளிருந்து வெளியே வந்தபோது டீக்கடையில் எல்லாரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கையிலிருந்த பழம்பொரி தட்டோடு கீழே விழுந்தது. டீக்கடை சேட்டன் மட்டும் அசையாமல், "செத்த பெறகும் இவ அடங்கலையே" என்றார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. (மறுநாள் சொன்னேன்.)

ஃப்ளெக்ஸைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் சந்தே நிறைந்திருந்தது. தார்ப்பாய் கட்டியாயிற்று. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தாயிற்று. பேண்டுக்காரர்கள்தான் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள் என்று எங்கள் தெரு அசோசியேஷன் நினைத்திருக்கிறது. அசோசியேஷன்தான் வைத்தது என்று பேண்டுக்காரர்கள் நினைத்திருக்கிறார்கள். எவனாவது எவனையாவது கேட்டானா? இல்லை. என் போனுக்கு அடித்தார்களாம், எடுக்கவில்லையாம், அதனால் செத்தது உறுதியாம்.

எல்லாரும் வீட்டைப் பார்த்து நின்றதால் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்த என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அசோசியேஷன் செயலாளர் ஜோஸ் சேட்டன் பேசிக்கொண்டிருந்தார்.

"செல்வி நல்ல கலாகாரி. வாய் கொஞ்சம் நீளம். குழாயில தண்ணி வரலைன்னு மீட்டிங்ல என்னை என்னவெல்லாம் கேட்டுச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்காது. வைக்க என்ன மிச்சம் இருக்கும்? எல்லாத்தையும்தான் வெளிய சொல்லிடுமே."

கூட்டம் ஆமாம் என்று தலையாட்டியது. சிலர் சிரித்தார்கள். என் சாவுக்கு வந்து சிரித்தார்கள்!

அடுத்து எங்கள் பேண்டு லீடர் ஷாஜி. கண் சிவந்திருந்தது. பரவாயில்லை, ஒருத்தனாவது அழுகிறானே என்று நினைத்தேன். "அவ இடத்தை யாராலயும் நிரப்ப முடியாது" என்றான். மூக்கைச் சிந்தினான். "சனிக்கிழமை பள்ளுருத்தி ப்ரோக்ராமுக்கு ரேஷ்மா பாடும்." பக்கத்தில் நின்ற ரேஷ்மா தலையைக் குனிந்துகொண்டு என் அயிலைப் பாட்டை மெதுவாக முனகிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருதி சரியாக இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது.

ஆனால் அம்மா எங்கே? வாசலில் இல்லை. அழுகிற பெண்களுக்கு நடுவிலும் இல்லை. இடித்துத் தள்ளினேன்.

"ஏய், எதுக்கு இடிக்கிற?" என்று ஒரு அம்மா திரும்பாமலே சொன்னாள். "முன்னால போயி பாக்க ஒண்ணுமில்ல. பாடி இன்னும் வரல."

"வந்துடுச்சு" என்றேன்.

அவள் திரும்பினாள். பிறகு அங்கே என்ன நடந்தது என்று எனக்கு முழுசாகத் தெரியாது. நாற்காலிகள் விழுகிற சத்தம் கேட்டது. ஷாஜி "அம்மே!" என்று அலறியது கேட்டது. ஜோஸ் சேட்டன் சிலுவை போட்டுக்கொண்டதை மட்டும் பார்த்தேன். நான் வீட்டுக்குள் ஓடினேன்.

அம்மா பின்கட்டில் இருந்தாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? செருப்பைக் கழட்டிட்டு வா" என்றாள்.

"அம்மா! உனக்கு ஒண்ணுமில்லையே? நெஞ்சு வலிக்குதா?"

"எனக்கு எதுக்கு வலிக்கணும்?"

"நீ ஃப்ளெக்ஸ் பாக்கலையா?"

"பாத்தேன். ஆறுக்கு நாலு. உங்கப்பா பொறந்து வளந்து செத்தது இந்தத் தெருவுல. அவருக்கே ரெண்டடிதான் வச்சானுங்க, அதுவும் பேரைத் தப்பா அடிச்சு. தெருவையே திட்டிட்டுத் திரியற உனக்கு ஆறடியில வைப்பானுங்களா? அதுவும் நீ பல்லைக் காட்டிட்டு நிக்கிற. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது சினிமாக்காரன் வேலைன்னு."

என் உயிரைப் பற்றி எடுத்த முடிவு, அளவு டேப்பை வைத்து!

"அப்ப வெளிய இருக்கறவங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன்டி. எவ நம்பினா? அதிர்ச்சியில ஏதோ பேசறேன்னு ஆளாளுக்கு என்னைக் கட்டிப்பிடிச்சு அழறாளுங்க. தொலையட்டும், மாவாவது ஆட்டுவோம்னு வந்துட்டேன்."

அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் உறைத்தது. மாவு அரைகிற சத்தம் அது இல்லை. கல்லும் கல்லும் உரசுகிற கரகர சத்தம். எட்டிப் பார்த்தேன். உள்ளே எதுவுமே இல்லை. ஊறவைத்த அரிசி பக்கத்தில் பாத்திரத்தில் அப்படியே இருந்தது. வெறும் கல் சுற்றிக்கொண்டிருந்தது. எத்தனை நேரமாகவோ.

"அம்மா, அரிசி போடலையே."

"போடணும்" என்றாள்.

சுவிட்சை அணைத்தேன். அவள் எழுந்து வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். மாவு படாத காய்ந்த கை. பளீரென்று விழுந்தது. "இனிமே எந்தப் படத்துல செத்தாலும் முதல்ல என்கிட்டச் சொல்லிட்டுச் சாவு" என்றாள். பிறகு இன்னொன்று வைத்தாள். அதற்குக் காரணம் சொல்லவில்லை.

அண்ணன் இருட்டுகிற நேரத்தில் வந்தான். என் உடம்பைத் தேடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போயிருக்கிறான். வாசலில் நான் நிற்பதைப் பார்த்ததும், "இங்க இருக்கியா? உன்னை எங்கெல்லாம்டி தேடறது?" என்று கத்தினான். கத்திக்கொண்டே படியில் உட்கார்ந்து அழுதான். கூட்டத்துக்கு வாங்கிய சாயா மிச்சம் இருந்தது. குடித்தான்.

படம் வந்தது. குடும்பத்தோடு போனோம். என் பாட்டை வெட்டிவிட்டார்கள். ஜன்னலும் இல்லை, திரும்பிச் சிரித்ததும் இல்லை. ஹீரோ மழையில் நனைந்துகொண்டு என் ஃப்ளெக்ஸைப் பார்க்கிறான், அவ்வளவுதான். (புதுசாக அடித்த ஃப்ளெக்ஸ். பழையதைத் திருப்பிக் கேட்டு ஜித்து வந்தான். அம்மா அவனைப் பார்த்தாள். போய்விட்டான்.) அதற்குப் பிறகு இரண்டு டைரக்டர்கள் கூப்பிட்டார்கள். இருவருக்குமே வேண்டியது மாலை போட்ட போட்டோதான். பாடகி நடிகையான கதை அதோடு முடிந்தது. அந்தச் சனிக்கிழமை பள்ளுருத்தியில் நான்தான் பாடினேன். செத்தவள் பாடுவதைப் பார்க்க இரண்டு மடங்கு கூட்டம் வந்தது. ஷாஜி இப்போதும் மேடையில் என்னை, "நம்மை விட்டுப் பிரிந்து மறுபடியும் வந்து சேர்ந்த" என்றுதான் அறிமுகம் செய்கிறான்.

நான் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடிய ஃப்ளெக்ஸ் வீட்டில்தான் இருக்கிறது. கெட்டித் துணி, நல்ல சரக்கு. பெயரும் ஆதராஞ்சலிகளும் இருந்த கீழ்ப்பகுதியை அம்மா அரிவாள்மனையில் அறுத்து அடுப்பில் போட்டுவிட்டாள். மீதியை வைத்து மழைக்காலத்தில் பின்கட்டுக் கிரைண்டரை மூடுகிறாள். மாவு வாங்க வருகிறவர்கள் யார் இது என்று கேட்டால், "என் பொண்ணு. சினிமா நடிகை" என்கிறாள். நான் நிற்கும்போதே சொல்கிறாள். என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான்தான் சிரிப்பதில்லையே.

வீட்டில் நான் குரலை உயர்த்தினால் அண்ணன் உடனே போனை எடுப்பான். "ஆறுக்கு நாலு ஒண்ணு சொல்லிடவா?" என்பான். அண்ணி சிரிப்பாள், பிள்ளைகள் சிரிக்கும். அம்மாவும் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய், கிரைண்டரில் அரிசி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வருவாள்.