கூலி வேறு, சம்பளம் வேறு

"போர்டு மாட்டியே ஆகணும். ஆனா ஒருத்தரும் அதைப் படிக்கக் கூடாது," என்றார் முதலாளி.

சூப்பர்வைசர் தலையாட்டினார். அந்தக் குடைத் தொழிற்சாலையில் பதினாலு வருடமாகத் தலையாட்டியதில் கழுத்து அதற்கென்றே பழகியிருந்தது. கையில் காக்கித்தாள் சுற்றிய போர்டு.

விஷயம் இதுதான். குடை வாங்குகிற நாடுகளும் குடை தைக்கிற நாடுகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, தொழிற்சாலையில் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு கூலி என்று சட்டம் போட்டுவிட்டன. அந்தத் தொகையை எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதி மாட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் அம்மா வந்து பார்ப்பார். இங்கே கொடுப்பதோ அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

"கூலியை முடிவு பண்ண கவர்மென்ட் யாருய்யா? துணி என்னுது, கம்பி என்னுது. நான் கூட்டிக் கொடுத்தா பக்கத்து நாட்டுக்காரன் ஆர்டரைக் கொத்திட்டுப் போயிடுவான்."

"அங்கயும் இதே போர்டுதான் சார் மாட்டறாங்களாம்."

முதலாளி முறைத்தார். "நீ யார் பக்கம்?"

"நான் மாசச் சம்பளம் சார்," என்றார் சூப்பர்வைசர் அவசரமாக.

அடிக்கடி சொல்வதுதான். கூலி வேறு, சம்பளம் வேறு என்பது அவருடைய கொள்கை. கூலி, தைக்கிறவர்களுக்கு. மாதம் முடிந்து கவரில் வருவது சம்பளம். அது எவ்வளவு என்று கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். டீ கொண்டு வரும் அக்காவுக்கு அந்தத் தொகை மனப்பாடம்.

"வெள்ளிக்கிழமை நல்லபடியா முடியட்டும், உன்னைக் கவனிக்கிறேன்," என்றார் முதலாளி.

சூப்பர்வைசருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. காலையில்தான் மனைவி வாசல் வரைக்கும் வந்து கேட்டிருந்தாள்.

"ஏங்க, இன்கிரிமென்ட் கேட்டீங்களா? காலேஜ்ல பணம் கட்ட இன்னும் பத்து நாள்தான் இருக்கு. விட்டா பொண்ணோட சீட் வேற யாருக்காவது போயிடும்."

மகள் உள்ளே இருந்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். அந்தப் பெண் மேல் அவருக்கு உயிர்.

செவ்வாய்க்கிழமை ஏணி போட்டு, போர்டைக் கூரையை ஒட்டி மாட்டினார். அத்தனை உயரத்தில் எழுத்து எறும்பாகத் தெரிந்தது.

"மேல என்ன சார் அது?" என்றாள், முதல் மெஷினில் தைக்கும் பெண்.

"கரன்ட் எச்சரிக்கை. கிட்டப் போயிடாதீங்க."

அவ்வளவுதான். அதற்குக் கீழே இருந்த பன்னிரண்டு மெஷின்களும் நின்றன. கரன்ட் லீக் ஆகிற இடத்தில் எப்படி உட்காருவது என்று கேட்டார்கள். எலக்ட்ரீஷியன் வந்து கம்பி கம்பியாகத் தொட்டுப் பார்த்து, கோளாறே இல்லை என்று சொல்வதற்குள் பாதி நாள் போய்விட்டது.

புதன்கிழமை போர்டைச் சுவருக்கு இறக்கி, அதன் முன்னால் பெரிய குடை ஒன்றை விரித்துக் கட்டித் தொங்கவிட்டார்.

"எதுக்கு சார் உள்ள குடை விரிச்சிருக்கீங்க? கூரை ஒழுகுதா?"

"இல்லம்மா, சாம்பிள்."

அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் கூரை ஒழுகுகிறது என்றானது. மூன்று மணிக்கு அது கூரை விழப்போகிறது என்று வளர்ந்தது. எண்பது பேரும் தாங்கள் தைத்த குடையை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்கள். கடைசியில் முதலாளியே உள்ளே போய், அரை மணி நேரம் கூரைக்கு நேர்கீழே நின்று காட்ட வேண்டியிருந்தது. வெளியே வந்தவர் சூப்பர்வைசரைப் பார்த்த பார்வையில் குடைத்துணி பொசுங்கியிருக்கும்.

வியாழக்கிழமை சூப்பர்வைசருக்கு ஒரு யோசனை வந்தது. போர்டைத் தலைகீழாக மாட்டினார். சட்டப்படி மாட்டியாயிற்று. யாராவது கேட்டால், மாட்டியவன் கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்த ஆலையில் ஏற்கெனவே ஒன்பது போர்டுகள் நேராகத் தொங்கின. தீப்பிடித்தால் என்ன செய்வது, எந்த வழியாக ஓடுவது, கையை எப்படிக் கழுவுவது. ஒன்றையும் ஒருவரும் படித்தது கிடையாது. இதை மட்டும் எல்லோரும் படித்தார்கள். முதல் மெஷின்காரி தலையை மெஷின் மேலேயே சாய்த்து வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தாள்.

"இந்தத் தொழிற்சாலையில் எந்த வேலை செய்பவருக்கும், ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம்..."

தொகையைப் படித்ததும் எல்லா மெஷின்களும் ஓய்ந்தன.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் அம்மா வந்தபோது எண்பது பேரும் தலையைச் சாய்த்துக்கொண்டு போர்டுக்கு முன்னால் நின்றிருந்தார்கள்.

"எல்லா ஃபேக்டரியிலயும் போர்டு மாட்டுவாங்க. அதைப் படிக்க வைக்கிற ஃபேக்டரியை இப்பத்தான் பாக்கறேன்," என்று சூப்பர்வைசரைப் பாராட்டிவிட்டு, முதலாளியைப் பக்கத்தில் உட்காரவைத்தார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து போர்டில் உள்ளபடி கொடுப்பதாக முதலாளி கையெழுத்துப் போட்டார்.

அந்த அம்மாள் கிளம்பியதும் சூப்பர்வைசர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "சார், நம்ம இன்கிரிமென்ட்..."

"ஒரு போர்டை ஒழுங்கா ஒளிக்கத் துப்பில்ல, உனக்கு இன்கிரிமென்ட்டா? போய்யா."

மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். வீட்டில் மகள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைக்கவே துக்கமாக இருந்தது. இந்த வாரம் தைக்கிற பெண்களிடம் வாய் கூசாமல் பொய் சொன்னதும் சேர்ந்து உறுத்தியது. உள்ளே அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே தைக்கும் சத்தம் கேட்டது.

டீ அக்கா டம்ளரை நீட்டினாள். "என்ன சார், இப்படி உக்காந்துட்டீங்க?"

"அவங்களுக்கெல்லாம் கூலி கூடிப்போச்சுக்கா. நான் மாசச் சம்பளம். எனக்கு எந்த போர்டும் கிடையாது."

அக்கா தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"அந்த நாள்கூலிய மாசத்துக்கு இருபத்தாறு நாள்னு பெருக்கிப் பாத்தேன் சார், உங்க சம்பளத்தத் தாண்டுது. இந்த வாரம் பூரா நீங்க ஒளிச்சு வச்சது உங்க இன்கிரிமென்ட்டத்தான்."