நான்கு எல்லைக்குட்பட்ட மீசை

தப்பு நம்முடையதுதான் என்று தெரியவருவதற்கு முந்தின நிமிடம் வரை மனிதனுக்கு ஒரு கோபம் வருமே, அவ்வளவு சுத்தமான கோபம் வேறு கிடையாது. அதை நான் பதினோரு நாள் முழுசாக அனுபவித்திருக்கிறேன்.

கடத்தூரில் பத்திரம் எழுதுவது என் தொழில். கிரயம், தானம், பாகப்பிரிவினை எல்லாம் எழுதுவேன். நான் எழுதின பத்திரத்தில் ஓட்டை கண்டுபிடித்து கோர்ட்டில் ஜெயித்தவர் இதுவரை இல்லை (கோர்ட்டுக்குப் போனவரே இல்லை என்பது வேறு விஷயம்). பகலெல்லாம் அடுத்தவர் நிலத்துக்கு எல்லை எழுதிவிட்டு, சாயங்காலம் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பஸ் ஓட்டுவேன். விளையாட்டுதான். மலைப்பாதை, மழை, கொண்டை ஊசி வளைவு, பின்னால் நாற்பது பயணிகள். நாற்பத்தெட்டு வயதில் இது தேவையா என்று கேட்பவர்கள் என் மனைவி மஞ்சுளாவின் பின்னால் வரிசையில் நிற்கவும்.

பழைய கம்ப்யூட்டரில் அந்த பஸ் மாட்டுவண்டி மாதிரி நகர்ந்தது. கிராபிக்ஸ் கார்டு போட்டால் பறக்கும் என்றார்கள். தருமபுரி போய் ஒரு கடையில் வாங்கிவந்தேன். கார்டு என்றுதான் பெயர், பார்த்தால் செங்கல். முகத்தில் இரண்டு குட்டி மின்விசிறி. கடையிலேயே மாட்டித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். வெள்ளிக்கிழமை ராகுகாலம் கழித்து, பூஜை போட்டு, நானே என் கையால் மாட்டினேன்.

பஸ் பறந்தது. மழைத்துளி கண்ணாடியில் தனித்தனியாக வழிந்தது. அதைவிட ஆச்சரியம், அந்தக் கார்டு மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை.

"பாத்தியா, சத்தமே இல்ல. நல்ல ஜாதிச் சரக்கு," என்றேன் மஞ்சுளாவிடம்.

பதினோராவது நிமிடம், ஆறாவது வளைவில் திரை கறுத்தது. பஸ், மலை, நாற்பது பயணிகள் எல்லாம் போச்சு.

"எங்கயோ மோதிட்டீங்க," என்றாள் மஞ்சுளா.

"மோதலை. கார்டு செத்துப்போச்சு."

"ஓட்டறவங்க எல்லாரும் இப்பிடித்தாங்க சொல்றாங்க."

அன்றிலிருந்து ஆரம்பித்தது என் போர். பத்திரம் டைப் அடித்தால் ஒன்றும் ஆவதில்லை. விளையாட்டைத் திறந்தால் பத்து நிமிடம் சொர்க்கம், பதினோராவது நிமிடம் இருட்டு. இன்டர்நெட்டில் தேடினேன். கார்டை இயக்குகிற மென்பொருளான டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடு என்றார் ஒருவர். (என் பஸ்ஸுக்கு டிரைவர் நான்தானே என்று மஞ்சுளா கவலைப்பட்டாள்.) போட்டேன். பவர் சப்ளை டப்பாவை மாற்று என்றார் இன்னொருவர். மாற்றினேன். வோல்டேஜ் காரணமாக இருக்கும் என்று ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன். ரெண்டு நாள் வீட்டில் பால் தங்கவில்லை.

விசிறி சுற்றுகிறதா என்று முதலில் பார் என்று ஒருத்தர் எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிரித்து ஒரு வாரம் ஆகாத புதுப் பொருளில் விசிறி சுற்றுகிறதா என்று பார்ப்பதாம். கல்யாணப் பெண்ணிடம் போய்ப் பல் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

முடிவுக்கு வந்தேன். பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள். கடத்தூரான்தானே, ஏமாறுவான் என்று நினைத்துவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் பெட்டியில் நான் கை வைத்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக, நான்கு பக்கமும் காகிதம் ஒட்டி, ஒட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டு, அரக்கு வைத்து சீல் செய்தேன். கிளம்பும்போது அக்கா போன் செய்தாள். ஒன்பது நாளில் அவள் மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன்.

"டேய், மீசையக் கொஞ்சம் நல்லா முறுக்கிட்டு வாடா. மாப்ள வூட்டுக்காரங்க பெரிய ஆளுங்க. முன்னாடி நிக்கறது நீதான்."

என் மீசையைப் பற்றிச் சொல்லவேண்டும். முகத்தில் மற்றதெல்லாம் சுமார்தான். மீசை மட்டும் ஊருக்கே தெரியும்.

பெட்டியைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தருமபுரி போய் இறங்கினேன். கடையில் ரிப்பேர் பார்க்கிற பெண் ரேவதி மட்டும் இருந்தாள். சத்தம் போட்டேன். எவ்வளவு சத்தம் என்றால், எதிர் டீக்கடைக்காரர் கிளாஸும் கையுமாக வந்துவிட்டார். பிரிண்டர் மை வாங்க வந்த ஒருவர் வாங்கிய பிறகும் போகவில்லை.

"சார், தொறந்து பாத்துடலாங்க. கார்டு கெட்டிருந்தா வேற தந்துடறோம்," என்றாள் ரேவதி.

"அப்பிடிச் சொல்லிட்டு அப்பறம் நான்தான் கெடுத்தேன்னு சொல்லுவீங்க."

"சொல்ல மாட்டங்க."

"கார்டு மேல குத்தம் இல்லன்னா நான் மீசைய எடுத்துக்கறேன். எழுதித் தரட்டுமா?"

"அதெல்லாம் வேணாங்க சார்."

வேண்டாம் என்று சொன்னால் விடுகிற ஆளா நான். பையில் எப்போதும் இருபது ரூபாய் முத்திரைத்தாள் இருக்கும். நின்ற நிலையிலேயே எழுதினேன்:

'கடத்தூரில் வசிக்கும் நான் சுயநினைவோடும், பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதிக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரம் என்னவென்றால், மேற்படி கார்டில் உற்பத்திக் குறை இல்லை என்று நாளது தேதியில் நிரூபணமானால், வடக்கே மூக்கு, தெற்கே மேலுதடு, கிழக்கிலும் மேற்கிலும் கன்னங்கள், இந்த நான்கு எல்லைக்குட்பட்ட எனது மீசையை அன்றைய தினமே வில்லங்கமின்றி எடுத்துவிடச் சம்மதிக்கிறேன். பின்னிட்டு எனக்கோ என் வாரிசுகளுக்கோ இதில் ஆட்சேபம் இல்லை.'

சாட்சி ஒன்று, டீக்கடைக்காரர். சாட்சி இரண்டு, பிரிண்டர் மைக்காரர். ரேவதி சீலை உடைத்துப் பெட்டியைத் திறந்தாள். கார்டைக் கழற்றி, விரலால் ஒரு விசிறியைத் தள்ளினாள். அசையவில்லை. இன்னொன்றைத் தள்ளினாள். அதுவும் அசையவில்லை.

"பாத்தீங்களா, பாத்தீங்களா," என்றேன் சாட்சிகளைப் பார்த்து.

ரேவதி டார்ச் அடித்தாள். முகர்ந்தாள்.

"சார், இது என்னங்க?"

"எது?"

"விசிறி நடுவுல மஞ்சளா, கட்டியா."

பிரிண்டர் மைக்காரர் குனிந்து பார்த்தார்.

"சந்தனங்க. நல்ல சந்தனம். வாசனையே சொல்லுது. குங்குமம்கூட இருக்குது பாருங்க."

பைக்கோ மிக்சியோ, எது புதிதாக வீட்டுக்கு வந்தாலும் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். பெட்டி மேலே வையுங்கள் என்றுதான் மஞ்சுளா சொன்னாள். பெட்டி பழசு, கார்டுதானே புதுசு என்று எதிர்வாதம் செய்து, ஒவ்வொரு விசிறியின் நெற்றியிலும் தாராளமாக ஒரு பொட்டு வைத்தவன் நான். அது வழிந்து இடுக்கில் இறங்கி, காய்ந்து, சிமெண்ட் ஆகியிருந்தது. விசிறி சுற்றாததால்தான் அந்த அமைதி. டைப் அடிக்கும்போது சூடேறவில்லை. பஸ் மலை ஏறினால் கார்டு கொதித்து, தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளக் கண்ணை மூடியிருக்கிறது, பாவம்.

ரேவதி பல்குத்தும் குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட் விட்டுத் துடைத்து, மாட்டி, விளையாட்டைப் போட்டாள். விசிறி 'உய்ய்' என்று சத்தம் போட்டது. ஒன்பது நிமிடம். பத்து. காசு கொடுத்து வாங்கின பொருள் கெட்டுப்போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அன்றைக்கு ஒருநாள்தான். பதினோராவது நிமிடம் பஸ் ஆறாவது வளைவை அலுங்காமல் தாண்டியது. டீக்கடைக்காரர் கைதட்டினார்.

"சார், பத்திரத்தக் கிழிச்சிடலாங்க," என்றாள் ரேவதி.

கையில் வாங்கிப் படித்தேன். ஓட்டை இருக்கிறதா என்று மூன்று முறை படித்தேன். இல்லை. அன்றைய தினமே என்று எழுதியிருந்தேன். வாரிசைக்கூட விட்டுவைக்கவில்லை. இருபது வருடமாக என் பத்திரம் நிற்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறவன், என் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை நானே எப்படிக் கிழிப்பது? பக்கத்து சலூனுக்குப் போனேன். சாட்சிகள் இருவரும் கூடவே வந்தார்கள்.

ஒன்பது நாளில் மீசை வளராது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா என்னைத் தாண்டித் தாண்டித் தேடினார்.

"தாய்மாமன் எங்கீங்க? வரலீங்களா?"

"உங்க முன்னாடிதாங்க நிக்கறான்," என்றாள் அக்கா.

"இவருங்களா? போட்டோக்காரர்னுல்ல நெனச்சேன்."

ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் யாரோ ஒரு வழுவழு ஆசாமி என் அக்கா மகளுக்கு மாலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பத்திரத்தின் நகல் இன்றைக்கும் அந்தக் கடைச் சுவரில் தொங்குகிறது. கார்டோடு வந்த புத்தகத்தைப் பிற்பாடு முழுக்கப் புரட்டினேன். தண்ணீர் படக்கூடாது, குழந்தைகள் கையில் கொடுக்கக்கூடாது என்று எத்தனையோ மொழியில் போட்டிருக்கிறார்கள். சந்தனம் வைக்கக்கூடாது என்று ஒரு வரி இல்லை. இதை நான் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்களே தவிர, நியாயத்தைப் பேச ஆளில்லை.

போன மாதம் புது வாஷிங் மெஷின் வந்தது. மஞ்சுளா சந்தனக் கிண்ணத்தோடு அதன் முன்னால் போய் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, நாலு எல்லையும் சொல்லுங்க. வெச்சிடறேன்."