கெட்டியான வயிற்றோடு கிருமி வார்டில் பத்து நாள்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு, மைத்துனன் வணங்கி எழுதுவது. இவ்விடம் என் வயிறு உட்பட அனைவரும் நலம். அவ்விடம் தங்கள் நலமும் அக்காவின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

பத்து நாளாக எங்கே தொலைந்தாய் என்று கேட்டிருந்தீர்கள். இங்கே ஒரு டாக்டரம்மா வயிற்றுப்போக்குக் கிருமிக்கு ஒன்பது வருடமாகத் தடுப்பூசி செய்கிறார். முழுக் கிருமியை ஏற்றுவதில்லை, அதன் புரதத்தில் ஒரு துண்டு மட்டும். திருடனை உள்ளே விடாமல் அவன் செருப்பை மட்டும் நாய்க்கு மோப்பம் காட்டுவது போல. என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரில் ஆறு பேருக்கு அந்த ஊசி, ஆறு பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. பிறகு எல்லோரையும் வார்டில் அடைத்து, நிஜக் கிருமியைக் கரைத்து ஆளுக்கொரு தம்ளர். இதில் தேறாவிட்டால் ஆய்வகத்துக்குப் பூட்டாம். அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் இருக்கும்வரை இந்த அம்மா தோற்கக் கூடாது என்று அப்போதே முடிவு கட்டினேன்.

என் வீட்டுக்காரி, "ஊர்ல வேற யாருக்கும் வயிறே இல்லையா?" என்று திட்டிக்கொண்டே என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வயிற்றைக் கட்டும் மாத்திரைகளைத் திணித்து அனுப்பினாள். வார்டில் நர்ஸம்மா, "ஐயா, சொல்லாம கொள்ளாம கக்கூஸ்ல தண்ணி ஊத்திடாதீங்க, எல்லாம் எனக்கு வேணும்" என்றார். "தாராளமா எடுத்துக்கம்மா" என்றேன். ஒவ்வொன்றையும் எடை போட்டுக் குறிக்கிறார். இருபத்தோரு வருடம் எடைமேடையில் லாரி நிறுத்தவன் சும்மா இருப்பேனா? "தராசு கூடக் காட்டுதும்மா" என்றேன். "மூடியோட வெச்சா அப்படித்தான்யா காட்டும்" என்றார். மூன்றாம் நாள் பக்கத்துப் படுக்கை டிரைவர் பதினோரு தடவை ஓடிவிட்டு, "அண்ணே, உங்களுக்கு அசல் ஊசிதான். குடுத்து வெச்சவரு" என்று பெருமூச்சு விட்டார். அந்த நேரம் பார்த்து என் வயிறு கடமுடவென்றது. போர்வைக்குள் ஒரு மாத்திரை. மறுநாள் இரண்டு. கடைசி வரை அசையவில்லை. வெளியே விடும்போது டாக்டரம்மா சிரித்தாரே, அத்தான், அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்குண்டு. மாத்திரை விஷயம் நமக்குள் இருக்கட்டும்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

அன்புடன்,
தங்கள் மைத்துனன்

பி.கு.: கடிதம் மூன்று வாரம் சட்டைப் பையிலேயே கிடந்துவிட்டது. நேற்று ரகசியப் பட்டியலைப் பிரித்தார்கள். எனக்குப் போட்டது உப்புத்தண்ணீர். உப்புத்தண்ணீர்க்காரர்கள் படுத்தால்தான் தடுப்பூசி ஜெயித்ததாக அர்த்தமாம். ஊசிக்காரர்களில் ஒருவர் படுத்துவிட்டார்; உப்புத்தண்ணீரில் ஐந்து பேர் ஒழுங்காகப் படுத்தார்கள். நான் ஒருவன் நிமிர்ந்து நின்று கணக்கையே கவிழ்த்திருக்கிறேன். டாக்டரம்மாவின் முகம் பழையபடி வாடிவிட்டது. பொறுக்காமல் ஒப்புக்கொண்டேன்.

"எதுக்குய்யா மாத்திரை போட்டீங்க?"

"உங்களுக்காகத்தாம்மா."

"இனிமே எனக்காக ஒண்ணும் பண்ணாதீங்க" என்று சொல்லி, பட்டியலில் என் பெயரை அடித்தார். அடித்ததும் தடுப்பூசி தேறிவிட்டது! அடுத்த கட்டத்துக்கு, சொன்னபடி கேட்கும் ஆள் வேண்டுமாம். தங்கள் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை வருவார்கள்.