லெனாட்டின் வீட்டுப் பெயர்

திரை மூன்றாவது தடவையாகவும் அதையே சொன்னது: அனுமதி இல்லை.

லெனாட் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அலுமாரிக்கு மேலே சுவரில் பூட்டியிருந்த ரவுட்டரை அண்ணாந்து பார்த்தான். பச்சை விளக்குகள் வழமைபோல மினுங்கிக்கொண்டிருந்தன. அதற்கு ஒரு குறையும் இல்லை. அவனை மட்டும் உள்ளே விட மாட்டேன் என்றது.

நண்டுச் சதையைப் பிரித்துப் பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலை அது. கொழும்புத்துறையில் கடலைப் பார்த்தபடி இருந்தது. குளிர் அறையின் வெப்பநிலைக் கணக்கு, நாற்பது பெண்களின் விரல் அடையாள வரவு, அலுவலகக் கணினிகள் எல்லாம் அந்த ஒற்றை ரவுட்டர் வழியாகத்தான் ஓடின. அதைப் பார்த்துக்கொள்வது லெனாட்டின் வேலை. அவன் பொறுப்பெடுத்த இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட வேலை தடைப்பட்டதில்லை. இதை அவன் மற்றவர்களுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவான். கணினிப் படிப்பை இடையில் விட்டவனுக்குச் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இருக்கவில்லை.

அன்று மதியம் கொழும்பிலிருந்து பத்மாசினி என்ற பரிசோதகர் வருவதாக இருந்தது. ரவுட்டருக்குள் யார் யார் நுழையலாம் என்று பார்ப்பார். கடவுச்சொல் கூடாது, ஆளுக்கொரு சாவி இருக்க வேண்டும், வேலையை விட்டுப் போனவர்களின் பெயர் இருக்கவே கூடாது. இதில் தேறினால் மன்னாரில் திறக்கும் கிளையையும் லெனாட்டிடமே தருவதாக, போன வருடம் வந்த முகாமையாளர் கிறிஸ்ரோபர் சொல்லியிருந்தார். லெனாட்டின் அம்மா அதைக் குருநகரில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தா.

காலை எட்டரைக்குத் தொடங்கினான். முதல் வேலையாக எமில்ராஜை அழித்தான். அவனுக்கு முதல் அந்தக் கதிரையில் இருந்தவன் எமில்ராஜ். இப்போது பிரான்சில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிறான். பெயர் மட்டும் ரவுட்டருக்குள் கிடந்தது.

"உவன் விட்டிட்டுப் போன குப்பையை ரெண்டு வருசமா நான்தான் அள்ளுறன்" என்று தேத்தண்ணி கொண்டுவந்த ஸ்ரெல்லாக்காவிடம் சொன்னான். அவ கோப்பையை வைத்துவிட்டுப் போனா.

பிறகு தன் சாவியைப் போட்டான். இந்தச் சாவி இரும்பில்லை. சோடியாக வரும் இரண்டு நீண்ட எழுத்துக்கோவைகள். ஒன்று அவனுடைய மடிக்கணினியிலேயே இருக்கும், மற்றதை ரவுட்டருக்குள் ஒட்ட வேண்டும். இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும். ஒட்டினான். கடவுச்சொல்லால் நுழையும் வழியை மூடினான். சேமித்தான். வெளியே வந்தான். திரும்ப உள்ளே போகப் பார்த்தபோதுதான், ஒட்டியதில் கடைசி வரி வரவில்லை என்பது தெரிந்தது.

சாவி அரைவாசி. பூட்டு முழுசு.

மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் சேமிக்காத மாற்றங்கள் மறைந்துவிடும். பிளக்கைக் கழற்றி மாட்டினான். ஆனால் அவன் சேமித்திருந்தான். வாழ்க்கையில் அவன் ஒழுங்காகச் செய்த சில காரியங்களில் அதுவும் ஒன்று. அலுவலகத்தில் மூன்று நிமிடம் இணையம் போய் வந்ததுதான் மிச்சம்.

கிறிஸ்ரோபர் எட்டிப் பார்த்தார். "என்ன லெனாட், நெற் நிண்டிட்டுதோ?"

"லைன்காரன்ரை பக்கம் பிரச்சினை, சேர். கதைச்சனான்."

அவன் ஒருவருடனும் கதைக்கவில்லை. ஆறிய தேத்தண்ணியைக் குடித்தான்.

ரவுட்டரின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டையும் அதற்குள் ஒரு பொத்தானும் இருந்தன. அழுத்திப் பிடித்தால் பழைய கடவுச்சொல் திரும்பி வரும் என்று எங்கேயோ வாசித்திருந்தான். நண்டுக் காலிலிருந்து சதை எடுக்கும் மெல்லிய கம்பி ஒன்றை ஸ்ரெல்லாக்காவிடம் கேட்டு வாங்கி, ஓட்டைக்குள் குத்திப் பத்து வரை எண்ணினான்.

கடவுச்சொல் திரும்பி வந்தது. ரவுட்டர் கடையிலிருந்து வந்த நாளில் எது இருந்ததோ அது. மற்ற எல்லாமும் அந்த நாளுக்கே திரும்பிப் போயிருந்தன. குளிர் அறையின் திரை வெறுமையானது. அலுவலகக் கணினிகள் நின்றன. பத்து மணித் தேத்தண்ணிக்கு எழும்பிய பெண்கள் விரல் அடையாளக் கருவிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். அது ஒருவரையும் தெரியாது என்றது.

"நண்டு கிண்டிக் கிண்டி ரேகை தேஞ்சுபோச்சுது போலை" என்றா முன்னால் நின்ற ஒரு வயதான அம்மா. தன் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.

லெனாட் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "கையை வடிவாக் கழுவிட்டு வந்து வையுங்கோ அம்மா" என்றான். நாற்பது பேரும் போய்க் கழுவிக்கொண்டு வந்தார்கள். கருவி ஏற்கவில்லை. திரும்பவும் கழுவப் போனார்கள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கிறிஸ்ரோபர் மறுபடி வந்தார். பரிசோதகர் நேரத்தோடு வெளிக்கிட்டுவிட்டாராம், பதினொன்றுக்கே வந்துவிடுவாராம்.

ரவுட்டரின் அமைப்புகளுக்கு லெனாட்டிடம் பிரதி இல்லை. பிரதி எடுத்து வைப்பது அவனுடைய வேலைப் பட்டியலில் நான்காவதாக இருந்தது. முதல் மூன்றும் இன்னும் முடியவில்லை. பிரதி வைத்திருக்கக்கூடிய மனிதன் உலகத்தில் ஒருவன்தான். அவனைத்தான் காலையில் அழித்தது.

"ஸ்ரெல்லாக்கா" என்றான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "எமில்ராஜின்ரை நம்பர் ஆரிட்டையும் இருக்குமோ?"

அவ ஏன் என்று கேட்கவில்லை. கைபேசியை எடுத்து அழுத்தி, மணியடிக்க அடிக்கவே அவனிடம் நீட்டினா. பிரான்சில் விடிகிற நேரம். இரண்டாவது மணிக்கே எமில்ராஜ் எடுத்தான்.

"நான் லெனாட்."

"எல்லாம் அழிஞ்சு போட்டுதோ?"

"ஓம்."

"என்னையும் அழிச்சிட்டியோ?"

"ஓம்."

"சரி. மெயிலைப் பார்."

ஏசியிருந்தால் லெனாட்டுக்கு லேசாக இருந்திருக்கும். அவன் ஏசவில்லை. லெனாட்டின் கைபேசிக்கு வந்த கோப்பில் எல்லாமே இருந்தன, போன மாதம் பூட்டிய புதுக் கமராகூட. அது எப்படி என்று யோசிக்க நேரமில்லை. ஏற்றினான். குளிர் அறைத் திரையில் எண்கள் வந்தன. பெண்களின் விரல்கள் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொள்ளப்பட்டன. லெனாட்டுக்கும் கிறிஸ்ரோபருக்கும் சாவியை எப்படிப் போடுவதென்று எமில்ராஜ் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லித் தந்தான். ஒரே வரியாக ஒட்டு, பழைய வழியை மூட முதல் இன்னொரு பக்கத்தால் உள்ளே போய்ப் பார்.

"ரெண்டு தோணியிலை கால் வைக்க வேண்டிய இடம் இது ஒண்டுதான்" என்றுவிட்டு வைத்தான்.

கடவுச்சொல் வழியை மூடிக் கையை எடுக்கும்போது பத்மாசினி கதவடியில் நின்றா. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பட்டியலைத் திறக்கச் சொன்னா. மூன்று பெயர்கள், மூன்று சாவிகள். லெனாட், கிறிஸ்ரோபர், எமில். பழைய கோப்போடு எமில்ராஜும் தன் சாவியோடு திரும்பி வந்திருந்தான்.

"எமில் ஆர்?"

கிறிஸ்ரோபர் லெனாட்டைப் பார்த்தார். தேத்தண்ணித் தட்டோடு வந்த ஸ்ரெல்லாக்காவும் பார்த்தா.

"அது நான்தான், மிஸ். வீட்டிலை என்னைக் கூப்பிடுற பேர்."

"வீட்டுப் பேருக்கு ஏன் இன்னொரு சாவி?"

"வீட்டிலை இருந்து வேலை செய்யேக்கை அதாலைதான் வாறனான்."

"எங்கடை பிள்ளை வீட்டை போயும் இதைத்தான் பாக்கிறான்" என்றார் கிறிஸ்ரோபர் பெருமையாக.

பத்மாசினி 'லெனாட் என்கிற எமில்' என்று எழுதி அவனிடம் கையொப்பம் வாங்கினா.

அவன் தேறினான். மன்னாரும் அவனுக்கே என்று கிறிஸ்ரோபர் எல்லாப் பெண்களுக்கும் முன்னால் வைத்துச் சொன்னார். காலையில் இரண்டு தரம் கழுவிய கைகளால் அவர்கள் கைதட்டினார்கள். லெனாட் அங்கே நிற்க முடியாமல் தேத்தண்ணி அறைக்குள் போனான்.

"அக்கா, எமிலோடை நான் கதைச்சது ஒருத்தருக்கும் தெரியவேண்டாம்."

ஸ்ரெல்லாக்கா கோப்பை கழுவிக்கொண்டே சொன்னா:

"நான் ஏன் சொல்லுறன் தம்பி, மன்னாரிலை தேத்தண்ணி போடுறது ஆர் எண்டு மட்டும் விசாரிச்சுச் சொல்லு. ரெண்டு வருசமா நீ வீட்டை போனாப்பிறகு எமில் எனக்குப் போன் எடுத்து, 'இண்டைக்கு உவன் எதைத் தொட்டவன்' எண்டு கேட்டுத்தான் எல்லாத்தையும் திருத்துறவன், அங்கையும் அவனுக்கு ஒராள் வேணுமெல்லோ."